ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்குங்கள்: கிராமப் பள்ளியை வேளாண் பல்கலைக்கழகத்தோடு இணைப்பது எப்படி

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் பிரவுசிங் சென்டர் வாசலில் கூட்டம் நிற்கும். "பி.எஸ்சி. அக்ரி போடலாமா?" என்ற பேச்சு பல வீடுகளில் அன்றைக்குத்தான் முதன்முதலாக எழுகிறது. அதற்குள் பாதி வழி அடைபட்டிருக்கும். பிளஸ் ஒன்னில் காமர்ஸ் எடுத்த பிள்ளைக்கு அந்தப் படிப்பு இரண்டு வருடங்களுக்கு முன்பே கைநழுவிவிட்டது. அகில இந்திய இடங்களுக்கான க்யூட் நுழைவுத் தேர்வின் விண்ணப்பத் தேதி எப்போதோ போய்விட்டது. முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கியிருக்கவில்லை. மதிப்பெண் இருந்தும் இப்படித்தான் இடம் தவறுகிறது.

இந்தக் கட்டுரை தமிழ்நாட்டுக் கிராமத்து அரசுப் பள்ளியில் வேலையைத் தொடங்க நினைப்பவர்களுக்கானது. நீங்கள் அறிவியல் ஆசிரியராக இருக்கலாம், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினராக இருக்கலாம், ஊரில் படித்துவிட்டு வந்த இளைஞராகவும் இருக்கலாம். வேலை இரண்டு பக்கமாக நடக்க வேண்டும். ஒன்று, ஆய்வு என்றால் என்ன என்று பிள்ளைகள் கண்ணால் பார்த்துக் கையால் செய்வது. மற்றொன்று, கல்லூரிக்குப் போகும் காகித வேலை. முதலாவது இல்லாமல் இரண்டாவதை மட்டும் செய்தால் அது வெறும் விண்ணப்ப முகாமாகிவிடும்.

விதை மூட்டையில் இருக்கும் முகவரி

"பல்கலைக்கழகம் கோயம்புத்தூரில் இருக்கிறது, நமக்கு எட்டாது" என்பதுதான் முதல் தடை. சைதாப்பேட்டையில் 1868இல் தொடங்கிய வேளாண் பள்ளி 1906இல் கோவைக்கு இடம்பெயர்ந்து, 1971இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆனது உண்மைதான். ஆனால் அதன் ஆய்வு நிலையங்கள் மாநிலம் முழுக்கப் பரவிக் கிடக்கின்றன. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் எது இருக்கிறது என்பதை அப்பாவின் விதை மூட்டையே சொல்லிவிடும்.

முதல் வாரத்து வேலையாக, வீட்டில் இருக்கும் காலி விதைப் பைகளையும் அதில் தைத்திருக்கும் அட்டையையும் கொண்டுவரச் சொல்லுங்கள். நீல அட்டை என்றால் சான்று விதை, வெள்ளை என்றால் ஆதார விதை, மஞ்சள் என்றால் வல்லுநர் விதை. அதில் உள்ள ரகப் பெயரின் முன்னெழுத்துதான் விலாசம். ஏடிடி என்றால் ஆடுதுறை, கோ என்றால் கோயம்புத்தூர், ஏஎஸ்டி என்றால் அம்பாசமுத்திரம், டிகேஎம் என்றால் திருவள்ளூர் மாவட்டத்துத் திரூர்குப்பம். நிலக்கடலையில் டிஎம்வி திண்டிவனத்தைக் குறிக்கும், விஆர்ஐ விருத்தாசலத்தை. உளுந்து விபிஎன் புதுக்கோட்டைப் பக்கத்து வம்பனில் உருவானது. முருங்கை பிகேஎம் 1 பெரியகுளத்துப் பிள்ளை.

எல்லா முன்னெழுத்தும் தமிழ்நாட்டு ஊர் அல்ல என்பதையும் சொல்லிவிடுங்கள். ஐஆர் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தது, பிபிடி ஆந்திரத்து பாபட்லாவிலிருந்து, சிஆர் 1009 ஒடிசாவின் கட்டாக்கிலிருந்து. பழைய ஜிஇபி 24இல் ஊரே கிடையாது. 'கவர்ன்மென்ட் எகனாமிக் பாட்டனிஸ்ட்' என்ற வெள்ளைக்காரர் காலத்துப் பதவியின் முதலெழுத்துகள் அவை. கரும்பலகையில் தமிழ்நாட்டு வரைபடம் வரைந்து ஒவ்வொரு பையையும் அதன் ஊரில் குறிக்கச் சொன்னால், ஒரு பீரியட் முடிவதற்குள் அருகிலுள்ள நிலையம் எது என்று வகுப்பே சொல்லிவிடும்.

பக்கத்தில் ஆய்வு நிலையம் இல்லாத ஊர்களும் உண்டு. அங்கே வேளாண் அறிவியல் நிலையத்தைத் தேடுங்கள். நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974இல் புதுச்சேரியில் இந்தப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில்தான் தொடங்கியது. சிலவற்றை வேளாண் பல்கலைக்கழகம் நடத்துகிறது, சிலவற்றைக் கால்நடைப் பல்கலைக்கழகம், சிலவற்றைத் தொண்டு நிறுவனங்கள். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு எங்கள் பரிந்துரை இதுதான். பயிர், மண், தோட்டக்கலை, கால்நடை என்று பாடவாரியாக நிபுணர்கள் அங்கே இருக்கிறார்கள், மக்களோடு பேசுவதே அவர்கள் வேலை. ஆய்வு நிலைய விஞ்ஞானிக்கு அப்படியல்ல. அவருக்கு ஆய்வு முதல் வேலை, உங்கள் வருகை கூடுதல் வேலை. அதனால் அவரிடம் சிறிதாகக் கேட்க வேண்டும்.

கடிதம்

போனில் கேட்டால் "வாங்க சார், ஒரு நாள் பார்த்துக்கலாம்" என்பார்கள். அந்த ஒரு நாள் வராது. தலைமையாசிரியர் கையெழுத்துடன் பள்ளியின் கடிதத்தாளில் எழுதி, மூன்று வாரம் முன்னதாகவே அனுப்புங்கள். பெயருக்கு எழுதாதீர்கள், பதவிக்கு எழுதுங்கள்: 'தலைவர், வேளாண் அறிவியல் நிலையம்' அல்லது 'பேராசிரியர் மற்றும் தலைவர், ஆராய்ச்சி நிலையம்'. விஞ்ஞானிகள் இடம் மாறிக்கொண்டே இருப்பார்கள்.

கடிதம் இந்த அளவில் இருந்தால் போதும்:

"மதிப்பிற்குரிய ஐயா / அம்மா, எங்கள் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் 28 பேர் (மாணவியர் 16, மாணவர் 12) தங்கள் நிலையத்தில் நெல் பூக்கும் நிலையில் உள்ள வயலைக் காண விரும்புகிறார்கள். ஆகஸ்ட் கடைசி வாரத்தில் செவ்வாய் அல்லது வியாழன், காலை 8.45 முதல் 11 மணி வரை. இரண்டு ஆசிரியர்கள் (ஒருவர் பெண்) உடன் வருவர். அரங்க உரை தேவையில்லை. வயலில் ஒரு மணி நேரம் ஒரு விஞ்ஞானியோ ஆய்வு மாணவரோ உடனிருந்தால் போதும். குடிநீரும் உணவும் நாங்களே கொண்டுவருவோம்."

இதில் ஒவ்வொரு வரிக்கும் காரணம் உண்டு. இரண்டு தேதி கொடுத்தால் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது எளிது. 28 என்ற எண் முக்கியம். 120 பிள்ளைகளை இரண்டு பேருந்தில் ஏற்றிக்கொண்டு போனால் நடப்பது ஒன்றுதான்: அரங்கில் உட்கார வைத்து, மைக்கில் பேசி, பவர்பாயிண்ட் காட்டி, பிஸ்கட் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பின்வரிசைக்கு ஒன்றும் தெரியாது. முப்பதுக்கு மேல் போகாதீர்கள், அதையும் வயலில் பதினைந்து பதினைந்தாகப் பிரியுங்கள். வெளியே அழைத்துச் செல்லக் கல்வித் துறையின் அனுமதியும் பெற்றோர் ஒப்புதல் கடிதமும் வேண்டும். இரண்டையும் வாங்காமல் வண்டி பேசாதீர்கள்.

எந்த நாளில், எந்த மணிக்கு

பள்ளி வசதியைப் பார்த்துத் தேதி வைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. பயிரைப் பார்த்து வைக்க வேண்டும். டெல்டாவில் ஜூன் இரண்டாம் வாரத்தில் விதைத்த 110 நாள் குறுவை ரகம், அறுவடைக்கு ஏறக்குறைய 30 நாளுக்கு முன், அதாவது ஆகஸ்ட் கடைசியில் பூக்கும். காலாண்டுத் தேர்வுக்கு முன்னால் கிடைக்கும் அந்த ஒரு வாரம் பொன்னானது. மற்ற மாவட்டங்களில் அவரவர் பயிருக்கு இதே கணக்கைப் போட்டு, கடிதம் அனுப்புமுன் "உங்கள் வயலில் இப்போது என்ன பருவம்?" என்று ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

மணியும் அப்படித்தான். நெல்பூ பெரும்பாலும் காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் திறக்கும். மேகமூட்டமாக இருந்தால் கொஞ்சம் தள்ளிப்போகும். உமி இரண்டாகப் பிளந்து ஆறு மகரந்தப் பைகள் வெளியே எட்டிப்பார்க்கும். சிறிது நேரத்தில் உமி மறுபடி மூடிக்கொள்ள, பைகள் மட்டும் வெளியே வாடித் தொங்கும். வயலிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளில்கூட, நெல்பூ திறப்பதை நின்று பார்த்தவர்கள் குறைவு. பள்ளி மணி அடித்து, வண்டி வந்து, பன்னிரண்டு மணிக்குப் போய் இறங்கினால் மூடிய கதிரைத்தான் பார்க்க முடியும்.

அங்கே கேட்க வேண்டியது: "இரண்டு ரகங்களைக் கலப்பதைக் காட்டுங்கள்." முதல் நாள் மாலையே இளம் பூவின் நுனியைக் கத்தரித்து, ஆறு பைகளையும் எடுத்துவிட்டு, கதிருக்குக் காகித உறை போட்டு வைத்திருப்பார்கள். மறுநாள் காலை இன்னொரு ரகத்தின் மகரந்தத்தை அதன்மேல் தூவுவார்கள். அப்படிக் கிடைக்கும் ஒரு மணியிலிருந்து புதிய ரகம் வெளிவர ஏறக்குறைய பத்து வருடம் ஆகும். இதை நேரில் பார்த்த பிள்ளைக்கு, ஆராய்ச்சி என்றால் வெள்ளைக் கோட்டும் கண்ணாடிக் குடுவையும் மட்டுமல்ல என்பது தனியாகச் சொல்லாமலே புரியும்.

போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். ஐந்தாறு பேர் தங்கள் வயலில் நோய் கண்ட செடியைக் கொண்டுவரட்டும். இலையை மட்டும் கிள்ளி எடுத்தால் பயனில்லை, வேரோடு முழுச் செடி வேண்டும். செய்தித்தாளில் சுற்றுங்கள். பாலிதீன் பையில் வைத்தால் வேர்த்து அழுகி, நோய் எது, அழுகல் எது என்று தெரியாமல் போகும். எந்த ரகம், விதைத்து எத்தனை நாள், கடைசியாக என்ன மருந்து அடித்தது என்று மூன்று வரி எழுதிய சீட்டும் கூட வேண்டும். விஞ்ஞானி இலையைத் திருப்பிப் பார்த்துக் கேட்கத் தொடங்கினால், அதன் பிறகு உங்களுக்கு அங்கே வேலை இல்லை.

பள்ளியிலேயே ஒரு சோதனை: பதினைந்து பை உளுந்து

வருகையோடு நின்றால் அது சுற்றுலாதான். திரும்பி வந்ததும், முடிந்தால் அதற்கு முன்பே, பள்ளியில் ஒரு சோதனை ஓட வேண்டும். பெரிய தலைப்பெல்லாம் வேண்டாம். 'இயற்கை விவசாயமா, ரசாயனமா' என்று எடுத்தால் கட்டுரைதான் வரும், தரவு வராது. உளுந்தையும், அதன் வேரில் முடிச்சு உண்டாக்கும் ரைசோபியம் என்ற நுண்ணுயிரையும் எடுங்கள். செலவு குறைவு, ஒரு பருவத்துக்குள் முடியும், வேரில் முடிச்சைக் கண்ணால் எண்ணலாம்.

தேவையானவை: பதினைந்து வளர்ப்புப் பை, வயல் மண், ஒரே ரக உளுந்து விதை, வேளாண் விரிவாக்க மையத்தில் கிடைக்கும் ரைசோபியம் பொட்டலம் ஒன்று, கொஞ்சம் வடித்த கஞ்சி. விதைக்கு வம்பன் 8 நல்லது. 65 முதல் 70 நாளில் முடியும், மஞ்சள் தேமல் நோயைத் தாங்கும். தாங்காத ரகத்தை எடுத்தால் வெள்ளை ஈ வந்து நோயைப் பரப்பி, நாற்பதாவது நாளில் சோதனையே மஞ்சளாகிவிடும்.

பைகளை மூன்று வகையாகப் பிரியுங்கள். ஐந்தில் வெறும் விதை. ஐந்தில் கஞ்சியில் புரட்டிய விதை. ஐந்தில் கஞ்சியும் ரைசோபியமும் சேர்த்துப் புரட்டி, நிழலில் அரை மணி உலர்த்திய விதை. நடுவில் இருக்கும் கஞ்சி வகை எதற்கு என்று பிள்ளைகளையே கேளுங்கள். வளர்ச்சியில் வித்தியாசம் வந்தால் அது நுண்ணுயிரால் வந்ததா, கஞ்சியால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல வேண்டாமா? இதைத் தானாகச் சொல்லும் பிள்ளையைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பைக்கு நான்கு விதை ஊன்றி, பத்தாம் நாள் இரண்டாகக் கலைத்துவிடுங்கள். பைகளை வகைவாரியாக அடுக்காதீர்கள். பதினைந்து சீட்டு எழுதிக் குலுக்கிப்போட்டு அந்த வரிசையில் வையுங்கள். சுவரோரம் எல்லாம் ஒரே வகையாக இருந்தால், நிழலின் பலனை நுண்ணுயிரின் பலன் என்று எழுதிவிடுவீர்கள். அடையாளக் குச்சியில் பென்சிலால் எழுதுங்கள். மார்க்கர் மை வெயிலிலும் தண்ணீரிலும் மூன்றாவது வாரமே போய்விடும், அதற்குப் பிறகு எது எந்தப் பை என்பது யாருக்கும் தெரியாது. தண்ணீரை முதலில் ரைசோபியம் இல்லாத பைகளுக்கு ஊற்றி, அதன் பிறகு உள்ளவற்றுக்குப் போங்கள். இல்லாவிட்டால் கையும் குவளையும் நுண்ணுயிரைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

முப்பது முதல் முப்பத்தைந்து நாளுக்குள் ஒவ்வொரு பையிலும் ஒரு செடியை எடுங்கள். பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் முடிச்செல்லாம் மண்ணோடு நின்றுவிடும், எண்ணிக்கை சுழியமாக வரும். பெரும்பாலான பள்ளிகளில் சோதனை கெடும் இடம் இதுதான். பையைக் கிழித்து, மண் கட்டியைப் பாதியாகப் பிளந்து, எடுக்கும் செடியின் பாதியை வாளித் தண்ணீரில் அரை மணி ஊறவிட்டு, மண் தானாகக் கரைந்த பின் வேரை அலசுங்கள். மற்றச் செடியை அதன் மண்ணோடு புதுப் பையில் வையுங்கள். முடிச்சுகளை எண்ணி, பெரியவற்றில் ஐந்தை பிளேடால் வெட்டிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடிக்கும் முடிச்சு. வெள்ளையாக இருந்தால் இளசு அல்லது வேலை செய்யாதது. பச்சையோ பழுப்போ என்றால் காலம் முடிந்தது. மிஞ்சிய செடி காய்க்கட்டும். காய் எண்ணிக்கை, மணி எடை இரண்டையும் குறியுங்கள்.

எங்கே தவறும்? ஒன்று, கடையில் வாங்கிய விதையில் பூசணக்கொல்லி தடவியிருக்கும், அது ரைசோபியத்தையும் கொன்றுவிடும். விதை நிறமேற்றியதாக இருந்தால் வாங்காதீர்கள். இரண்டு, பொட்டலம் காலாவதியாகியிருக்கும் அல்லது வெயிலில் கிடந்திருக்கும். மூன்று, நன்றாக வளரட்டும் என்று யாராவது தொழுவுரத்தையும் யூரியாவையும் அள்ளிப் போட்டிருப்பார்கள். மண்ணில் நைட்ரஜன் நிறைய இருந்தால் செடி முடிச்சு போடச் சோம்பல்படும்.

இவை எதுவும் இல்லாமலே மூன்று வகையும் ஒரே மாதிரி வந்தால் பிள்ளைகள் முகம் வாடும். எண்களை மாற்றி எழுதத் தோன்றும், ஆசிரியருக்கும் தோன்றும். செய்யாதீர்கள். காலங்காலமாக உளுந்து விதைத்த மண்ணில் ரைசோபியம் ஏற்கெனவே இருக்கும், புதிதாகச் சேர்த்தது எடுபடாமல் போகலாம். நோட்டோடு விஞ்ஞானியிடம் போனால் அவர் கேட்கும் முதல் கேள்வியே "இது எந்த வயல் மண், முன்னால் என்ன பயிர்?" என்பதாகத்தான் இருக்கும். அதுதான் அடுத்த சோதனையின் தலைப்பு.

ஜூன் கடைசியில் விதைத்தால் காலாண்டுத் தேர்வுக்கு முன் அறுவடை முடியும். அதே நோட்டைத் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு ஆய்வறிக்கையாக்கலாம். 10 முதல் 17 வயதுக்கானது அது. தமிழ்நாட்டில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் அதை ஒருங்கிணைத்து வந்திருக்கிறது, மாவட்டக் கிளையைக் கேட்டால் அந்த ஆண்டின் தலைப்பும் தேதியும் கிடைக்கும்.

ஊருக்கே வரும் கல்லூரி

வேளாண் கல்லூரி இறுதியாண்டு மாணவர்கள் 'ராவே' என்று சொல்லும் கிராமப்புற வேளாண் பணி அனுபவத்துக்காகக் குழுக்களாக வந்து வட்டாரங்களில் தங்குவார்கள். விவசாயிகளுக்குச் செயல்விளக்கம் செய்து காட்டுவது அவர்கள் பாடத்தின் ஒரு பகுதி. பள்ளிக்கு வரச் சொன்னால் மறுப்பதில்லை, அவர்களுக்கும் அறிக்கையில் எழுத வேண்டியிருக்கிறது. எப்போது வருகிறார்கள், எங்கே தங்குகிறார்கள் என்பதை வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் உதவி வேளாண்மை அலுவலரைக் கேட்டால் தெரியும்.

வந்தவர்களை மேடை ஏற்றாதீர்கள். இரண்டு பேரைப் பத்தாம் வகுப்பில் உட்கார வைத்து, ஆசிரியர் வெளியே போய்விடுவது உத்தமம். "அக்கா, உங்க கட்-ஆஃப் எவ்வளவு? ஹாஸ்டல் சாப்பாடு எப்படி? தமிழ் மீடியத்துல இருந்து போனீங்களா?" என்ற கேள்விகள் நமக்கு முன்னால் வராது. மகளை வெளியூர் அனுப்பத் தயங்கும் அம்மாவுக்கு, நாம் ஆயிரம் சொல்வதைவிட அந்த அக்காவோடு பத்து நிமிடம் பேசுவது போதும்.

"நாங்க மண்ணுல பட்ட கஷ்டம் எங்களோட போகட்டும்" என்று சொல்லும் அப்பாக்கள் இருப்பார்கள். அவர்களோடு வாதம் வேண்டாம், அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இந்தப் படிப்பு ஏர் பிடிப்பதற்கான படிப்பு அல்ல என்பதை மட்டும் வேலைகளின் பெயரைச் சொல்லிக் காட்டுங்கள்: வேளாண்மை அலுவலர், வங்கியில் வேளாண் கடன் அதிகாரி, விதை நிறுவனத்தில் உற்பத்தி மேலாளர், ஆய்வு நிலைய விஞ்ஞானி.

பத்தாம் வகுப்புக்குப் பின்: குரூப்

எல்லாம் தீர்மானமாகும் இடம் இது. பி.எஸ்சி. வேளாண்மை, தோட்டக்கலை, வனவியல் வேண்டும் என்றால் இயற்பியல், வேதியியலோடு உயிரியல் அல்லது தாவரவியல், விலங்கியல் உள்ள குரூப் எடுக்க வேண்டும். வேளாண் பொறியியல், உணவுத் தொழில்நுட்பம் போன்ற பி.டெக். படிப்புகளுக்குக் கணிதம் வேண்டும். உயிரியலும் கணிதமும் சேர்ந்த குரூப் இரண்டு பக்கமும் வழியைத் திறந்து வைக்கும், சுமையும் அதற்கேற்ப இருக்கும். கணிதத்தில் திணறும் பிள்ளையை அதில் தள்ளி மொத்த மதிப்பெண்ணையும் இறக்கிவிடாதீர்கள்.

சில அரசு மேல்நிலைப் பள்ளிகளில் தொழிற்கல்விப் பிரிவில் வேளாண் அறிவியல் பாடம் உண்டு. 'படிக்காத பிள்ளைகள் போகும் குரூப்' என்று அதற்கு ஒரு கெட்ட பெயர், அநியாயமான பெயர். வேளாண் பல்கலைக்கழகச் சேர்க்கையில் தொழிற்பிரிவு மாணவர்களுக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது. எந்தெந்தப் படிப்புக்கு என்பதை அந்த ஆண்டுச் சேர்க்கைக் கையேட்டில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மருத்துவம், பொறியியல் என்று மனம் அலைபாயும் பிள்ளைக்கு இது வேண்டாம். விவசாயம்தான் என்று உறுதியாக இருப்பவருக்கு நல்ல குறுக்குவழி.

காகிதங்கள்: பிளஸ் ஒன் கோடை விடுமுறையில்

சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று. எல்லாம் இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று மேலே போகும். மே, ஜூனில் மாநிலமே இதற்கு வரிசையில் நிற்பதால், ஒரு வருடம் முன்னதாகவே வாங்கிவிடுங்கள். வருமானச் சான்றுக்குக் காலவரம்பு உண்டு, அதை மட்டும் கடைசியில் புதுப்பிக்க வேண்டியிருக்கும். எல்லாவற்றையும்விட அதிகம் படுத்துவது பெயர்தான். ஆதாரில் ஒரு இனிஷியல், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இன்னொன்று, சாதிச் சான்றில் அப்பா பெயரே வேறு எழுத்தில். பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியல் தேர்வுத் துறைக்குப் போவதற்கு முன்பே மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுத் திருத்தினால், பின்னால் தாலுகா அலுவலகத்துக்கு நடக்க வேண்டாம்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத முன்னுரிமை, 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பொறியியலோடு வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் பொருந்தும். இந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று அதே ஆண்டு அறிவிக்கப்பட்டது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது. பல பெற்றோருக்கு இந்த வித்தியாசம் தெரிவதில்லை. 'சம்பளம் அரசாங்கம்தானே கொடுக்குது' என்று நினைத்துக்கொள்கிறார்கள். நடுவில் பள்ளி மாறியவர்கள் ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் படிப்புச் சான்று வாங்க வேண்டும்.

விண்ணப்பம்

இரண்டு வழிகள், இரண்டு காலங்கள். மாநிலச் சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து நடக்கிறது, நீட் தேவையில்லை. ரிசல்ட்டை ஒட்டி இணையத்தில் விண்ணப்பம் திறக்கும். கால்நடை மருத்துவத்துக்குக் கால்நடைப் பல்கலைக்கழகத்தில் தனியாகப் போட வேண்டும், படிப்பும் ஐந்தரை ஆண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் படிப்புக்கும் மீன்வளத்துக்கும் அந்த ஆண்டு சேர்த்து விண்ணப்பமா, தனியா என்பதை அறிவிப்பில் பாருங்கள்.

மற்றொரு வழி இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகமான ஐசிஏஆர் நிரப்பும் அகில இந்திய இடங்கள். இதற்கு க்யூட் தேர்வு எழுத வேண்டும், தமிழிலும் எழுதலாம். இதன் விண்ணப்பம் பிளஸ் டூ பொதுத் தேர்வுப் பரபரப்புக்கு நடுவிலேயே வந்து போய்விடும் என்பதால்தான் கிராமத்துப் பிள்ளைகள் தவறவிடுகிறார்கள். ஜனவரி பிறந்ததும் வாரத்துக்கு ஒரு நாள், க்யூட்டை நடத்தும் தேசியத் தேர்வு முகமையின் தளத்தைப் பார்க்க ஒரு ஆசிரியரை நியமித்துவிடுங்கள்.

கலந்தாய்வில் கல்லூரிப் பட்டியல் கொடுக்கும்போது இரண்டு விஷயம். பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி வேறு, இணைப்பு பெற்ற தனியார் கல்லூரி வேறு. பெயர்கள் ஒரே பட்டியலில் வந்தாலும் கட்டணத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். வேளாண்மை ஒன்றை மட்டும் போட்டுவிட்டு நிற்காமல் தோட்டக்கலை, வனவியல், பட்டுவளர்ப்பு என்று நீளமாகப் போடுங்கள், விருப்ப வரிசையில் மட்டும் நேர்மையாக இருங்கள். 'இது கிடைக்காது' என்று நினைத்து முதல் விருப்பத்தைக் கீழே தள்ளிவிட்டுப் பிறகு வருந்துவோர் உண்டு. கலந்தாய்வுக்கு வெளியே நேரடியாகச் சேர்க்கிறோம் என்று வருபவர்களிடம், அந்தப் படிப்புக்கு ஐசிஏஆர் அங்கீகாரம் உண்டா என்பதை முதலில் கேளுங்கள்.

மதிப்பெண் எட்டாதவர்களுக்குப் பல்கலைக்கழகம் நடத்தும் வேளாண், தோட்டக்கலைப் பட்டயப் படிப்புகள் உண்டு. அறிவிப்பு பட்டப் படிப்புக்குத் தனியாக வரும், அதனால் பலர் கவனிப்பதில்லை.

ஆங்கிலம், பிறகு அந்த நோட்டு

சேர்ந்தபின் முதல் செமஸ்டர்தான் கடினம். பாடம் புரியும், சொல் புரியாது. பி.எஸ்சி. வேளாண்மையும் தோட்டக்கலையும் 2021 முதல் தமிழ்வழியிலும் தொடங்கப்பட்டன என்றாலும், பெரும்பாலோர் ஆங்கிலவழியில்தான் சேர்வார்கள். பிளஸ் ஒன்னிலிருந்தே ஒரு எளிய பயிற்சி: பல்கலைக்கழகத்தின் அக்ரிடெக் தளத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் பக்கங்கள் உண்டு. வாரம் ஒரு பயிர். வீட்டில் அந்தப் பருவத்தில் என்ன நிற்கிறதோ அதையே எடுத்து, தமிழில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் படிப்பது. தண்டுத் துளைப்பானை அப்பாவோடு வயலில் பார்த்த பிள்ளைக்கு அதன் ஆங்கிலப் பெயர் சட்டென்று ஒட்டிக்கொள்ளும்.

உளுந்துச் சோதனை நோட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். மண் எங்கே எடுத்தது, ரகம், தேதி, எண்ணிக்கை எல்லாம் அதில் இருக்கிறது. அடுத்த ஒன்பதாம் வகுப்பு அதே வயல் மண்ணில் அதே சோதனையைச் செய்து ஒப்பிடட்டும். நோட்டின் முதல் பக்கத்தில் ஆய்வு நிலையத்தின் அலுவலகத் தொலைபேசி எண்ணையும், கல்லூரியில் சேர்ந்த பழைய மாணவர்களின் பெயரையும் அவர்கள் படிக்கும் ஊரையும் எழுதி வையுங்கள். ஆசிரியர் மாறுதலில் போகும்போது புதிதாக வருபவரிடம் கையில் கொடுக்க வேண்டியது அந்த நோட்டுதான்.